பொலிவியா எப்படி ஒரு நாடானது?

பொலிவியாவுக்குத் தன் பெயரைக் கொடுத்த சிமோன் பொலிவார் அந்த மண்ணில் இருந்தது சுமார் ஐந்து மாதம்தான். 1825 ஆகஸ்டில் வந்தார், 1826 ஜனவரியில் கிளம்பிவிட்டார். அவர் வந்து சேர்வதற்கு முன்பே விடுதலைச் சாசனத்தில் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. அதற்கும் முன்னால், அவருடைய படை எட்டிக்கூடப் பார்க்காத பள்ளத்தாக்குகளில், ஊர்க்காரர்கள் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகப் போரிட்டுச் செத்துக்கொண்டிருந்தார்கள்.

தென் அமெரிக்க விடுதலை என்றதும் பொலிவார், சான் மார்ட்டின் என்று இரண்டு தளபதிகளின் பெயர்தான் நம் நினைவுக்கு வரும். அவர்கள் பெரியவர்கள்தான், சந்தேகமில்லை. ஆனால் காலனி ஆட்சி போவது ஒரு வேலை, நாடு உருவாவது இன்னொரு வேலை. இந்த இரண்டுக்கும் நடுவில் என்னவெல்லாம் நடக்கும், யார் உள்ளே வருவார்கள், யார் வாசலிலேயே நிறுத்தப்படுவார்கள் என்பதைப் பார்க்க பொலிவியாவைப் போல நல்ல உதாரணம் குறைவு. தலைவரி ஒன்றின் பின்னாலேயே போனால் இந்தக் கதை தெளிவாகப் புரியும். அதனால் அந்த வரியிலிருந்தே தொடங்குகிறேன்.

வெள்ளி மலையும் தலைவரியும்

1825-க்கு முன் பொலிவியா என்றொரு பெயரே கிடையாது. ஸ்பானியர் காலத்தில் அந்தப் பகுதியை சார்காஸ் என்றும் மேல் பெரு என்றும் சொன்னார்கள். சுகிசாகா நகரில் 1559 முதல் ஓர் ஆடியென்சியா இருந்தது. உயர் நீதிமன்றமாகவும் நிர்வாக சபையாகவும் ஒருசேர இயங்கிய அமைப்பு அது. அதற்கு மேலே வைஸ்ராய். முதலில் லிமாவில் இருந்த வைஸ்ராயின் கீழ் சார்காஸ் இருந்தது. 1776-இல் ஸ்பெயின் அரசர் அதைப் பிரித்து, புதிதாக உருவாக்கிய புவனோஸ் ஐரிஸ் வைஸ்ராயின் கீழ் வைத்தார். இதனால் பிற்பாடு இரண்டு பக்கமும் உரிமை கோரின. அந்த விஷயத்துக்குப் பின்னால் வருகிறேன்.

ஸ்பெயினுக்கு சார்காஸ் ஏன் அவ்வளவு முக்கியம்? பொத்தோசி. 1545-இல் அங்கே ஒரு மலையில் வெள்ளி கிடைத்தது. சில பத்தாண்டுகளில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,000 மீட்டர் உயரத்தில், புல்கூடச் சரியாக முளைக்காத குளிரில், உலகின் பெரிய நகரங்களில் ஒன்று எழுந்துவிட்டது. அந்த வெள்ளி ஐரோப்பா வழியாக ஆசியாவுக்கும் வந்தது. சோழமண்டலக் கரையில் துணி வாங்க வந்த ஐரோப்பியக் கம்பெனிகள் கொண்டுவந்த வெள்ளியில் அமெரிக்கச் சுரங்கங்களின் வெள்ளிக்குப் பெரும் பங்கு உண்டு.

அந்த வெள்ளியை வெட்டி எடுத்தவர்கள் அய்மாரா, கெச்சுவா மொழி பேசும் பூர்வகுடி மக்கள். 1570-களில் வைஸ்ராய் டொலேடோ 'மீத்தா' என்ற கட்டாய உழைப்பு முறையை ஏற்படுத்தினார். குறிப்பிட்ட மாகாணங்களின் கிராமங்களிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் ஏழு ஆண்களில் ஒருவர் என்ற கணக்கில் பொத்தோசிக்குப் போக வேண்டும். போனவர்களில் திரும்பாதவர்கள் ஏராளம். இது போக, தலைவரி. 18 வயதிலிருந்து 50 வயது வரை உள்ள ஒவ்வொரு பூர்வகுடி ஆணும் ஆண்டுக்கு இரண்டு தவணையாக அரசுக்குப் பணம் கட்ட வேண்டும். வெள்ளையருக்கு இந்த வரி இல்லை. பூர்வகுடியாகப் பிறந்தால் கட்டியாக வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் இந்த வரிக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அதைக் கவனிக்காமல் விட்டால் பின்னால் நடப்பது எதுவும் புரியாது. கிராமங்கள் தலைவரியை ஓர் ஒப்பந்தம்போலப் பார்த்தன. 'நாங்கள் வரி கட்டுகிறோம், எங்கள் கூட்டு நிலத்தில் நீங்கள் கை வைக்கக் கூடாது' என்பதுதான் அந்த ஒப்பந்தம். எழுத்தில் இருந்ததைவிட மனத்தில் அது ஆழமாகப் பதிந்திருந்தது. வரியை உயர்த்தியபோதும், சுங்கம் போட்டு நெருக்கியபோதும், அதிகாரிகள் பொருள்களைக் கட்டாயமாகத் தலையில் கட்டி விலையை வசூலித்தபோதும், அரசு அந்த ஒப்பந்தத்தை மீறிவிட்டதாக மக்கள் கொதித்தார்கள்.

அந்தக் கொதிப்பு 1780-81-இல் வெடித்தது. பெருவில் தூபாக் அமாரு என்ற பூர்வகுடித் தலைவர் கிளம்பினார். லா பாஸ் பகுதியில் ஹூலியான் அபாசா என்ற அய்மாரா வணிகர், தூபாக் கத்தாரி என்று பெயர் வைத்துக்கொண்டு, ஆயிரக்கணக்கானோரைத் திரட்டி லா பாஸ் நகரை மாதக்கணக்கில் முற்றுகையிட்டார். அவர் மனைவி பார்த்தோலினா சிசாவும் படை நடத்தினார். நகருக்குள் பல ஆயிரம் பேர் பட்டினியிலும் நோயிலும் இறந்தார்கள். கடைசியில் ஸ்பானியப் படை வென்றது. 1781 நவம்பரில் கத்தாரியின் கை கால்களை நான்கு குதிரைகளில் கட்டி இழுத்துக் கொன்றார்கள். பார்த்தோலினா சிசாவை அடுத்த ஆண்டு தூக்கிலிட்டார்கள்.

லா பாஸின் வசதியான குடும்பங்கள் அந்த முற்றுகையை மறக்கவே இல்லை. அமெரிக்க மண்ணில் பிறந்த ஸ்பானிய வம்சத்தினரை கிரியோல்கள் என்பார்கள். நிலமும் படிப்பும் பணமும் அவர்களிடம் இருந்தன. உயர் பதவிகள் மட்டும் பெரும்பாலும் ஸ்பெயினிலிருந்து நேராக வந்தவர்களுக்குப் போயின. அந்த மனக்குறை கிரியோல்களுக்கு நிறைய இருந்தது. அதைவிடப் பெரிதாக ஒரு பயமும் இருந்தது: ராஜா போய்விட்டால் கத்தாரி திரும்பி வந்துவிடுவாரோ? அடுத்த 45 ஆண்டுகளும் இந்த மனக்குறையும் பயமும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இருந்தன.

முதலில் எழுந்த நாடு, கடைசியில் விடுதலை பெற்றது

1808-இல் நெப்போலியன் ஸ்பெயினுக்குள் புகுந்து அரசர் ஏழாம் ஃபெர்னாண்டோவைச் சிறைப்பிடித்தார். அரசர் இல்லையென்றால் அதிகாரம் யாரிடம் என்ற கேள்வி ஸ்பானிய அமெரிக்கா முழுவதும் எழுந்தது. சுகிசாகாவில் அது உடனே பற்றிக்கொண்டது. காரணம், 1624-இல் தொடங்கிய சான் பிரான்சிஸ்கோ சேவியர் பல்கலைக்கழகம் அங்கே இருந்தது. அரசர் இல்லாதபோது அதிகாரம் மக்களிடமே திரும்பிவிடுகிறது என்று வாதாடக்கூடிய சட்டம் படித்தவர்கள் அந்த ஊரில் நிறைய பேர்.

1809 மே 25 அன்று சுகிசாகாவில் ஆடியென்சியாவின் நீதிபதிகளும் வழக்கறிஞர்களும் சேர்ந்து ஆளுநரைக் கைது செய்தார்கள். 'ஃபெர்னாண்டோ வாழ்க' என்று கோஷம் போட்டுக்கொண்டேதான் அதைச் செய்தார்கள் என்பதைக் கவனியுங்கள். வெளிப்படையாக விடுதலை கேட்கும் துணிச்சல் இன்னும் வரவில்லை, அல்லது அப்படிச் சொல்வது புத்திசாலித்தனம் இல்லை என்று நினைத்திருக்கலாம். ஜூலை 16-இல் லா பாஸ் எழுந்தது. அங்கே பேச்சு இன்னும் கூர்மையாக இருந்தது. பெத்ரோ தொமிங்கோ முரில்யோ தலைமையில் ஒரு சபை அமைந்தது. பெருவிலிருந்து கோயெனெச்சே என்ற தளபதி படையோடு வந்து அதை நசுக்கினார். 1810 ஜனவரி 29 அன்று முரில்யோவும் தோழர்களும் தூக்கிலிடப்பட்டார்கள்.

அதே ஆண்டு மே மாதம் புவனோஸ் ஐரிஸில் புரட்சி வென்றது. செப்டம்பரில் கோச்சபாம்பாவும் சாந்தா குரூஸும், நவம்பரில் பொத்தோசியும் எழுந்தன. இன்றைக்கும் பொலிவியாவின் ஒவ்வொரு பெரிய ஊரும் தன் தன் எழுச்சி நாளைத் தனியாகக் கொண்டாடுகிறது. நாடு முழுக்கச் சேர்ந்து கொண்டாடுவது ஆகஸ்ட் 6.

இத்தனை சீக்கிரம் எழுந்தும் விடுதலைக்கு 1825 வரை காத்திருக்க வேண்டிவந்தது. புவியியலும் வெள்ளியும் அதற்குக் காரணம். மேற்கே லிமா, ஸ்பானிய அரசின் இரும்புக் கோட்டை. தெற்கே புவனோஸ் ஐரிஸ், புரட்சியின் தலைநகரம். நடுவில் மாட்டிக்கொண்டது மேல் பெரு. பொத்தோசி வெள்ளி யார் கையில் இருக்கிறதோ அவர்களால்தான் படைக்குச் சம்பளம் கொடுக்க முடியும். அதனால் இரண்டு தரப்பும் அந்த நிலத்தை விடவே இல்லை.

புவனோஸ் ஐரிஸ் மூன்று பெரிய படையெடுப்புகளை அனுப்பியது. மூன்றும் தோற்றன. முதல் படையுடன் வந்த கஸ்தேல்யி, 1811 மே 25 அன்று தியவானாக்குவின் பழங்காலச் சிதைவுகளுக்கு நடுவே நின்று, பூர்வகுடியினரும் மற்றவர்களும் சமம் என்று அறிவித்தார். அடுத்த மாதமே ஹுவாக்கியில் அவருடைய படை சிதறியது. இரண்டாவதாக வந்த பெல்கிரானோ 1813-இல் வில்காபூகியோ, அயோகூமா ஆகிய இரண்டு போர்களில் தோற்றார். பின்வாங்கும்போது பொத்தோசியின் நாணயச் சாலையை வெடிவைத்துத் தகர்க்கப் பார்த்தார். அது நடக்கவில்லை, கட்டடம் தப்பியது. 1815-இல் வந்த மூன்றாவது படையும் சிபே சிபேயில் தோற்றுத் திரும்பியது. 'விடுவிக்க வந்தவர்கள்' போகும்போதெல்லாம் நாணயச் சாலைப் பணத்தில் கையை வைத்தார்கள். அதனால் 1825-இல் ஆர்ஜென்டினாவோடு சேரலாமா என்ற கேள்வி வந்தபோது மேல் பெருவில் ஒருவருக்கும் அதில் ஆசை இல்லை.

இதற்கு நடுவே ஸ்பெயினில் என்ன நடந்தது தெரியுமா? காதிஸ் நகரில் கூடிய சீர்திருத்த நாடாளுமன்றம் 1811-இல் பூர்வகுடித் தலைவரியை ரத்து செய்தது. 1814-இல் ஃபெர்னாண்டோ அரியணைக்குத் திரும்பியதும் வரியையும் மீண்டும் கொண்டுவந்துவிட்டார். ரத்து செய்வது, மீண்டும் போடுவது என்ற இந்த ஆட்டம் இன்னும் முடியவில்லை, நினைவில் வையுங்கள்.

பள்ளத்தாக்குகளின் போர்

வெளியிலிருந்து வந்த படைகள் தோற்றுப் போன பிறகும் போர் நிற்கவில்லை. மலைகளுக்கு நடுவிலும் பள்ளத்தாக்குகளிலும் சிறு சிறு பகுதிகளை ஊர்ப் படைகள் தங்கள் வசம் வைத்திருந்தன. பின்னால் வந்த வரலாற்றாசிரியர்கள் அவற்றைக் குட்டிக் குடியரசுகள் என்று அழைத்தார்கள். ஒரு தலைவர், அவருக்குப் பின்னால் சில நூறு பேர். துப்பாக்கி சிலரிடம்தான் இருக்கும். மற்றவர்களிடம் கவண், தடி, ஈட்டி. பூர்வகுடி விவசாயிகள், கலப்பின மக்கள், சில கிரியோல்கள் எல்லோரும் அதில் இருந்தார்கள். எதிர்த்தரப்புக்குப் போனவர்களும் உண்டு, இரண்டு பக்கமும் மாறி மாறிப் போனவர்களும் உண்டு. ஒரு கிராமம் எந்தப் பக்கம் நின்றது என்பது பல நேரம் பக்கத்துக் கிராமம் எந்தப் பக்கம் நின்றது என்பதைப் பொறுத்தே இருந்தது.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தவர் ஹுவானா அசுர்துய். சுகிசாகா பக்கத்துப் பெண். கணவர் மனுவேல் அசென்சியோ பாதில்யாவுடன் சேர்ந்து படை நடத்தினார், தானே குதிரையேறிப் போரிட்டார். போர் நடந்த ஆண்டுகளில் தன் குழந்தைகள் நால்வரைப் பறிகொடுத்தார். 1816-இல் கணவரும் கொல்லப்பட்டார். அதன் பிறகும் அவர் விலகவில்லை, தெற்கே சால்தாவுக்குப் போய்ப் போரைத் தொடர்ந்தார். நாடு பிறந்த பிறகு பொலிவார் அவரை நேரில் பார்த்து மரியாதை செய்து ஓய்வூதியம் கொடுக்க ஏற்பாடு செய்தார். அது நீடிக்கவில்லை. 1862-இல் அவர் ஏழையாகவே இறந்தார். அன்று மே 25, சுகிசாகா எழுச்சியின் ஆண்டு நாள்.

கோச்சபாம்பாவிலும் ஒரு நாள் உண்டு. 1812 மே 27. ஆண்களின் படை ஏற்கெனவே தோற்றுவிட்டது. கோயெனெச்சேயின் படை ஊருக்குள் நுழைய வந்தபோது சான் செபாஸ்தியான் குன்றில் பெண்கள் நின்று எதிர்த்து மடிந்தார்கள். பொலிவியாவில் இன்றும் அன்னையர் தினம் மே 27-ஆம் தேதிதான். பல நாடுகளைப்போல மே இரண்டாவது ஞாயிறு கிடையாது.

பார்த்தோலோமே மித்ரே என்ற ஆர்ஜென்டின வரலாற்றாசிரியர் ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறார். இந்தப் போரை நடத்திய 102 தலைவர்களில் கடைசிவரை உயிரோடு இருந்தவர்கள் 9 பேர். அயோபாயா பகுதியில் ஹோசே மிகேல் லான்சா நடத்திய படை மட்டும்தான் விடாமல் 1825 வரை நின்றது.

விடுதலை உள்ளே வந்த வழி

போரின் முடிவு ஒரு வினோதமான திசையிலிருந்து வந்தது. 1820-இல் ஸ்பெயினில் சீர்திருத்தவாதிகள் மீண்டும் ஆட்சியைப் பிடித்தார்கள். 1823-இல் அரசர் பிரெஞ்சுப் படையின் உதவியோடு அவர்களை வீழ்த்தி முழு முடியாட்சியைத் திரும்பக் கொண்டுவந்தார். அந்தச் சண்டை அமெரிக்காவில் இருந்த ஸ்பானியப் படைக்குள்ளும் பிளவாக வந்தது. பெருவின் வைஸ்ராய் லா செர்னா சீர்திருத்தப் பக்கம் சாய்ந்தவர். மேல் பெருவில் இருந்த தளபதி பெத்ரோ அன்டோனியோ தே ஓலான்யேத்தா முடியாட்சியின் தீவிர விசுவாசி. 1824 தொடக்கத்தில் ஓலான்யேத்தா வைஸ்ராய்க்கு எதிராகவே கிளம்பினார். ராஜாவின் படை தன்னோடு தானே மோதிக்கொண்டிருந்த நேரத்தில் வடக்கே பொலிவார் வந்துவிட்டார். 1824 ஆகஸ்ட் 6 அன்று ஹூனினில் அவர் வென்றார். டிசம்பர் 9 அன்று அயாகூச்சோவில் அவருடைய தளபதி அன்டோனியோ ஹோசே தே சுக்ரே வைஸ்ராயையே சிறைப்பிடித்தார். சுக்ரேவுக்கு அப்போது 29 வயது.

ஓலான்யேத்தா மட்டும் பணியவில்லை. 1825 ஏப்ரல் தொடக்கத்தில் துமுஸ்லாவில் தன் சொந்த ஆட்களே திரும்பிவிட்ட மோதலில் காயமடைந்து இறந்தார். அதற்கு முன்பே அவருடைய சகோதரர் மகன் முறையான காசிமிரோ ஓலான்யேத்தா அணி மாறியிருந்தார். சுகிசாகாவில் சட்டம் படித்தவர், அந்தத் தளபதியின் செயலாளராக இருந்தவர், நேற்று வரை ராஜாவின் ஆள். அவர் சுக்ரேவிடம் போய்ச் சேர்ந்து, மேல் பெரு தனி நாடாக வேண்டும் என்று வாதாடினார்.

சுக்ரே 1825 பிப்ரவரி 9 அன்று லா பாஸில் ஓர் ஆணை வெளியிட்டார்: மாகாணங்களின் பிரதிநிதிகள் கூடித் தங்கள் எதிர்காலத்தைத் தாங்களே முடிவு செய்யட்டும். பொலிவாருக்கு இதில் கோபம். காரணம் ஒரு கொள்கை. புதிய நாடுகளின் எல்லை பழைய ஸ்பானிய நிர்வாக எல்லையாகவே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லோரும் எல்லோரோடும் சண்டை போடுவார்கள் என்பது அன்றைய தலைவர்களின் பொதுவான புரிதல். மேல் பெரு கடைசியாக இருந்தது புவனோஸ் ஐரிஸ் வைஸ்ராயின் கீழ். அதற்கு முன் லிமாவின் கீழ். அதைத் தனி நாடாக்கினால் நாளைக்குக் கொலம்பியாவிலும் ஒவ்வொரு பகுதியும் அதையே கேட்காதா என்று பொலிவார் பயந்தார். ஆனால் சார்காஸ் ஆடியென்சியாவுக்கென்று பழைய எல்லை ஒன்று இருந்தது, தன் ஊர் என்ற உணர்வும் இருந்தது. வைஸ்ராய்கள் மாறினாலும் அந்த வட்டம் மாறவில்லை. புதிய நாடு அந்த வட்டத்துக்குள்தான் பிறந்தது. மே மாதத்தில் ஆர்ஜென்டின காங்கிரஸும் 'நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்' என்று விட்டுவிட்டதால் வழி சுலபமானது.

ஜூலை 10 அன்று சுகிசாகாவில் சபை கூடியது. பெருவோடு சேரலாம் என்றவர்கள் இரண்டு பேர். ஆர்ஜென்டினாவோடு சேரலாம் என்றவர் ஒருவரும் இல்லை. ஹூனின் வெற்றியின் ஆண்டு நாளுக்காகக் காத்திருந்து 1825 ஆகஸ்ட் 6 அன்று விடுதலைச் சாசனத்தில் கையெழுத்திட்டார்கள். பொலிவாரின் கோபத்தைத் தணிக்க நாட்டுக்கு அவர் பெயரையே வைத்தார்கள். சாமர்த்தியமான யோசனை, பலித்தும் விட்டது.

அந்தச் சபையில் இருந்தவர்கள் யார்? வழக்கறிஞர்கள், நிலக்கிழார்கள், பாதிரியார்கள். பலர் காசிமிரோவைப்போலக் கடைசி நேரத்தில் அணி மாறியவர்கள். லான்சா இருந்தார். ஆனால் பள்ளத்தாக்குகளில் போரிட்டவர்களில் அங்கே உட்கார்ந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மக்கள்தொகையில் பெரும்பான்மையான அய்மாரா, கெச்சுவா மக்களின் சார்பில் யாரும் இல்லை. ராஜாவின் ஆட்சியில் நல்ல நிலையில் இருந்தவர்கள், ராஜா இல்லாத ஆட்சியிலும் அதே நிலையில் தொடர வழி தேடிக்கொண்டார்கள் என்றுதான் நான் இதைப் பார்க்கிறேன். அவர்களைத் துரோகிகள் என்று திட்டுவதில் பயனில்லை. ஆனால் நாட்டின் அடித்தளத்தைப் போட்டது யார் கை என்பது தெரிந்தால்தான் அதன் மேல் எழுந்த சுவர்கள் ஏன் அப்படி இருந்தன என்று புரியும்.

குடியரசு, ஆனால் யாருடைய குடியரசு?

1820-களின் நடுவில் நாட்டைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதிய பென்ட்லாண்ட் என்ற பிரிட்டிஷ்காரரின் மதிப்பீட்டில், பொலிவியாவின் மக்கள்தொகை சுமார் 11 லட்சம். அதில் சுமார் 8 லட்சம் பேர் பூர்வகுடி மக்கள். ஸ்பானிய மொழி பேசுவோர் சிறுபான்மை.

பொலிவார் இங்கே இருந்த காலத்தில் நல்ல நோக்கத்தோடு பல ஆணைகள் போட்டார். 1825 டிசம்பரில் தலைவரியை ரத்து செய்தார். பிறப்பைப் பார்த்துப் போடும் வரி குடியரசுக்கு இழுக்கு என்பது அவர் நிலை. பதிலுக்கு எல்லோருக்கும் பொதுவான ஒரு நேரடி வரி வரும் என்றார். தன் பழைய ஆசான் சிமோன் ரொத்ரிகேஸைக் கல்விக்குப் பொறுப்பாக்கினார். ரொத்ரிகேஸ் சுகிசாகாவில் ஏழைக் குழந்தைகளைச் சேர்த்து, எழுத்தோடு கைத்தொழிலும் கற்றுக்கொடுக்கும் பள்ளி தொடங்கினார். ஊர்ப் பெரியவர்களுக்கு அது பிடிக்கவில்லை. செலவு விஷயத்தில் சுக்ரேயோடும் ஒத்துப்போகவில்லை. 1826-இலேயே அவர் கிளம்பிவிட்டார்.

பொலிவார் எழுதித் தந்த 1826 அரசியலமைப்பு ஒரு விசித்திரமான கலவை. குடியரசுத் தலைவர் ஆயுள் முழுக்கப் பதவியில் இருப்பார், அடுத்தவரையும் அவரே கைகாட்டுவார். வாக்களிக்க எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஸ்பானிய மொழிப் பள்ளியே கண்டிராத பெரும்பான்மை மக்களை இந்த ஒரே விதி வெளியே தள்ளிவிட்டது. இந்தச் சுவர் அடுத்த 126 ஆண்டுகள் நின்றது.

சுக்ரே ஆயுள் பதவி வேண்டாம் என்று சொல்லி இரண்டு ஆண்டுக்கு மட்டும் ஒப்புக்கொண்டார். பதவிக்கு அலையாத, கைசுத்தமான, உழைப்பாளியான ஆட்சியாளர். ஆட்கள் குறைவாக இருந்த மடங்களை மூடி அவற்றின் சொத்தைப் பள்ளிகளுக்குத் திருப்பினார். ஆனால் கஜானா காலி. போரில் சுரங்கங்களில் தண்ணீர் நிரம்பிக் கிடந்தது, இயந்திரங்கள் பாழ், முதலீடு செய்ய ஆளில்லை. லண்டனில் ஆர்வத்தோடு தொடங்கிய சுரங்கக் கம்பெனிகளும் ஓரிரு ஆண்டில் விழுந்தன. பொதுவான நேரடி வரியை வசூலிக்கப் போனால், இதுவரை நேரடி வரியே கட்டிப் பழகாத வெள்ளையரும் கலப்பினத்தவரும் கூச்சல் போட்டார்கள். யாருக்கு எவ்வளவு சொத்து என்ற பதிவேடும் அரசிடம் இல்லை. அரசிடம் தயாராக இருந்தது ஒரே ஒரு பதிவேடுதான். பூர்வகுடித் தலைவரிப் பதிவேடு.

1826-இலேயே தலைவரி திரும்ப வந்தது. ரத்தாகி ஓராண்டுகூட ஆகவில்லை. அடுத்த பல பத்தாண்டுகளுக்குக் குடியரசின் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதிலிருந்துதான் வந்தது. சில ஆண்டுகளில் பாதியையும் தாண்டியது. வாக்குரிமை இல்லாதவர்களின் பணத்தில் அதிகாரிகளின் சம்பளம், படையின் சம்பளம், அரசின் விழாக்கள் எல்லாம் நடந்தன. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. கிராமங்கள் இதை முழுமூச்சாக எதிர்க்கவும் இல்லை. பழைய ஒப்பந்தம் நினைவிருக்கிறதல்லவா? வரி இருந்தால் நிலம் பத்திரம். சமத்துவம் என்ற பெயரில் கூட்டு நிலத்தைத் துண்டுபோட்டுத் தனியாருக்குக் கொடுக்கும் யோசனைகளும் பொலிவாரின் ஆணைகளில் இருந்ததால், கட்டிப் பழகிய வரியே மேல் என்று அவர்கள் நினைத்ததில் நியாயம் இருக்கிறது.

சுக்ரேவின் முடிவு மனத்தை வலிக்கச் செய்வது. 1828 ஏப்ரலில் சுகிசாகாவில் படை முகாமில் கலகம் வெடித்தது. அடக்கப் போன சுக்ரேவின் கையில் குண்டு பாய்ந்தது. அவரைக் காக்க வந்த லான்சா, பதினைந்து ஆண்டுப் போரில் சாகாதவர், இந்தக் கலகத்தில் இறந்தார். அந்தச் சாக்கில் பெருவின் தளபதி கமார்ரா படையோடு உள்ளே வந்தார். சுக்ரே பதவி விலகி நாட்டைவிட்டுப் போனார். 1830-இல் கொலம்பியாவின் பெர்ருயெகோஸ் காட்டுப் பாதையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவருக்கு 35 வயது. 1839-இல் சுகிசாகாவுக்கு சுக்ரே என்று பெயர் மாற்றினார்கள்.

நாட்டைத் தூக்கி நிறுத்தியவர் அந்திரேஸ் தே சாந்தா குரூஸ். தாய் வழியில் பூர்வகுடிப் பிரபுக் குடும்பம். 1829 முதல் பத்து ஆண்டு ஆண்டார். புதிய சிவில் சட்டத் தொகுப்பு வந்தது, லா பாஸிலும் கோச்சபாம்பாவிலும் பல்கலைக்கழகங்கள் தொடங்கின, பட்ஜெட் ஒழுங்கானது. பணத்தட்டுப்பாட்டைச் சமாளிக்க வெள்ளி நாணயத்தில் கலப்படம் செய்யவும் தொடங்கினார். அதன் தீமை நெடுநாள் தொடர்ந்தது. அவருடைய பெரிய கனவு 1836-இல் உருவான பெரு-பொலிவியக் கூட்டாட்சி. ஒரு காலத்தில் சேர்ந்தே இருந்த நிலங்கள்தானே என்பது அவர் எண்ணம். பக்கத்தில் இவ்வளவு பெரிய நாடு உருவாவதை சிலி பொறுக்கவில்லை. போர் மூண்டது. 1839 ஜனவரி 20 அன்று யுங்காயில் சாந்தா குரூஸ் தோற்றார், கூட்டாட்சியும் கலைந்தது.

அப்புறம் பெரு பதிலுக்கு பொலிவியாவை விழுங்கப் பார்த்தது. 1841 நவம்பர் 18 அன்று இங்காவியில் பொலிவியப் படை வென்றது. பெருவின் குடியரசுத் தலைவராக இருந்த அதே கமார்ரா போர்க்களத்திலேயே இறந்தார். பொலிவியா தனி நாடாகவே இருக்கும் என்பது உண்மையில் அன்றைக்குத்தான் முடிவானது. 1825-இல் எழுதியதை 1841-இல் உறுதி செய்தார்கள் என்று சொல்லலாம்.

கடல் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். தொடக்கத்தில் பொலிவியாவுக்குக் கடற்கரை இருந்தது. பொலிவார் கோபிகாவைத் துறைமுகமாக அறிவித்தார். ஆனால் நகரங்களிலிருந்து அங்கே போக அட்டகாமா பாலைவனத்தைக் கோவேறு கழுதையில் கடக்க வேண்டும். வியாபாரம் பெரும்பாலும் பெருவின் அரிக்கா துறைமுகம் வழியாகவே நடந்தது. ஆள் குறைந்த, அரசு எட்டாத அந்தக் கடற்கரையை 1879-இல் தொடங்கிய போரில் சிலி எடுத்துக்கொண்டது. 1904 ஒப்பந்தத்தில் அது சட்டப்படியும் போய்விட்டது.

கடைசியாக, அந்தத் தலைவரி என்ன ஆயிற்று? 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் வெள்ளிச் சுரங்கங்கள் மறுபடி ஓடத் தொடங்கின. அரசுக்கு வேறு வருமானம் வந்தது. தலைவரியின் தேவை குறைந்ததும் ஒப்பந்தத்தின் மறுபாதியையும் அரசு கைவிட்டது. 1866-இல் குடியரசுத் தலைவர் மெல்காரேஹோவின் ஆட்சி கூட்டு நிலங்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கிராமங்கள் கிளர்ந்தெழுந்தன. அவர் வீழ்ந்த பிறகு 1874-இல் வந்த சட்டம் கூட்டு நில உரிமையையே கலைத்துத் தனித்தனிப் பட்டா ஆக்கச் சொன்னது. அடுத்த சில பத்தாண்டுகளில் ஏராளமான நிலம் பெரிய பண்ணைகளுக்குப் போனது, அதில் உழுதவர்கள் பண்ணையாட்கள் ஆனார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் பெண்களுக்கும் வாக்குரிமை 1952 புரட்சிக்குப் பிறகுதான் வந்தது. நிலச் சீர்திருத்த ஆணை 1953 ஆகஸ்ட் 2 அன்று கையெழுத்தானது.